கோபுரத்தில் லாட்டி

எங்கள் மம்ரே ஊர்ச் சபையில் ஒருவரை அடக்கம் செய்யும்போது அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது வழக்கம். தொடக்கத்தை அவரவரே எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருப்பார்கள். முடிவை மட்டும் வேறு யாராவது எழுத வேண்டியிருக்கும். அதற்கு வேறு வழியில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் இறந்துபோன லாட்டி பைட்டலின் மேசை இழுப்பறையிலும் ஒரு தாள் இருந்தது. அதில் நான்கே வரிகள்: "மம்ரேயில் பிறந்தேன். இதே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றேன். ஊதினேன். மற்றதை எல்வுட் கீஃபர் எழுதட்டும், அவருக்கு இப்போது நேரம் இருக்கிறது."

நேரம் இருப்பது உண்மைதான். பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டு வருடம் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றுவிட்டேன். என் மனைவி அல்மா போய் பதினான்கு வருடம் ஆகிறது. பாஸ்டர் சனிக்கிழமை காலைக்குள் கேட்டிருக்கிறார்.

லாட்டி 1919-இல் பிறந்தாள். அப்பா சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார். குடும்பத்தில் எல்லோருக்கும் நீளக் கைகள். அவளுக்கு இன்னும் கொஞ்சம் நீளம். குரல் ஆணின் குரலைப் போலக் கனமாக இருக்கும். பதின்மூன்று வயதில் சபையின் பாடகர் குழுவில் சேர்ந்தபோது, குழுவை நடத்திய அம்மையார் அவளைப் பின்வரிசையில் நிறுத்தி, "லாட்டி, நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும், சத்தம் வரவேண்டாம்" என்றார். இரண்டு வருடம் அப்படியே அசைத்தாள். இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் சிரிப்பாள். "கடவுளுக்கு முன்னால ரெண்டு வருஷம் மீன் மாதிரி நின்னேன் எல்வுட். அவரும் ஒண்ணும் சொல்லலை" என்பாள்.

இப்போது சபைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நெடுஞ்சாலைப் பக்கத்துப் புது வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சபையில் யாராவது இறந்தால் ட்ராம்போன் குழு தன் நீளப் பித்தளைக் குழல்களோடு கோபுரத்தில் ஏறி மூன்று மெட்டுகளை ஊதி ஊருக்கு அறிவிக்கும். முதலாவதும் மூன்றாவதும் எப்போதும் ஒன்றுதான்: யாரோ போய்விட்டார் என்று அர்த்தம். நடுவில் வருவதுதான் செய்தி. மணமான சகோதரர்களுக்கு ஒரு மெட்டு, மணமான சகோதரிகளுக்கு ஒன்று, விதவைகளுக்கு ஒன்று, கன்னியருக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று. பிரிவு தெரியும், பெயர் வராது. ஆனால் மம்ரேயில் இரண்டாவது மெட்டின் முதல் அடியைக் கேட்டதுமே, எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பதை வைத்துப் பெயரையும் சொல்லிவிடுவார்கள்.

குழுவுக்கு நான்கு குரல்கள் வேண்டும். 1943-இல் வாலிபர்களில் பெரும்பாலோர் போருக்குப் போன பிறகு, நான்காவதான கீழ்க்குரல் ட்ராம்போனுக்கு ஆள் இல்லை. அது பெரிய வாத்தியம். குழாயைக் கடைசிவரை தள்ள ஆண்களுக்கே கை எட்டாது. அதற்கென்று ஒரு பிடி வைத்திருப்பார்கள். கோயிலைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை மிஸ்டர் க்ளூவல்தான் வாத்தியங்களைத் துடைத்து வைப்பவர். ஒரு நாள் லாட்டி அவரிடம் போய், அதைக் கொஞ்சம் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். பிடித்தாள், தள்ளினாள். பிடி தேவைப்படவே இல்லை.

"பொம்பளைப் பிள்ளைங்க இதை ஊதினதில்லை" என்றார் க்ளூவல்.

"பொம்பளைப் பிள்ளைங்க சாகறாங்க இல்ல? அப்போ ஊதவும் செய்யலாம்" என்றாள் லாட்டி.

ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு இரவு வேலை. காலையில் எல்லாம் ஓய்வு. மற்றவர்கள் வேலைத்தலத்தில் இருக்கும் நேரத்தில் மரணச் செய்தி வந்தால் ஆள் திரட்டுவது அவள் பொறுப்பாயிற்று. போர் முடிந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். யாரும் அவள் இடத்தைக் கேட்கவில்லை. கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை என்றும் சொல்லலாம். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று மூன்றாம் குரல் ஊதுகிறவன்.

அவள் ஊதுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோபுரத்துப் படிகளைச் சீட்டியடித்துக்கொண்டே ஏறுவாள். ஊதும்போது முகம் பீட்ரூட்டாகச் சிவந்துவிடும். கடைசி ஸ்வரத்தை மூச்சு தீரும்வரை பிடித்திருப்பாள். விட்டதும் ஒரு சிரிப்பு வரும். பிறகு குழாயிலிருக்கும் தண்ணீரைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே உதறுவாள். தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் தொப்பியில்லாமல் நடக்க மாட்டார்கள்.

அந்தச் சிரிப்புதான் க்ளூவலுக்குப் பிடிக்கவில்லை.

"லாட்டி, நீ கிறிஸ்துமஸுக்கு ஊதற மாதிரி ஊதற."

"இல்லைங்க மிஸ்டர் க்ளூவல். கிறிஸ்துமஸுக்கு இன்னும் சத்தமா ஊதுவேன்."

"கொஞ்சம் குறைச்சு ஊதக்கூடாதா? துக்க வீட்டுல கேக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"போனவங்க சொந்த வீட்டுக்குத்தான் போறாங்கன்னு போன ஞாயித்துக்கிழமை பாஸ்டர் சொன்னாரே. நெசமாத்தான் சொன்னாரா, இல்ல சும்மா ஒரு பேச்சுக்கா?"

"உனக்கு வாய் ஜாஸ்தி."

"அதனாலதானே ஊத முடியுது."

சிமெண்ட் ஆலைக்காரர் ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். நல்ல மனிதர். ட்ராம்போனைக் கொட்டகையில் வைத்துக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேட்டுவிட்டார். அதோடு முடிந்தது.

இனி 1954-ஆம் வருடம் மார்ச் மாதத்தைச் சொல்ல வேண்டும். லாட்டி இருந்தவரை நான் இதை வெளியே பேசியதில்லை. ஆனால் ஊருக்குத் தெரியும். அதோடு, இதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எழுதுவது பொய்யாகிவிடும்.

அப்போது நான் மூன்று வாரமாக நிமோனியாவில் படுத்திருந்தேன். அல்மா பட்டு ஆலையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். விதவையான என் அம்மா எங்களோடு இருந்தார். எழுபத்தொன்பது வயது, ஒரு தலைவலிகூட இல்லை. சனிக்கிழமை நான்கு சர்க்கரை கேக் சுட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, எனக்குக் கஞ்சி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் இறந்துவிட்டார். பக்கத்து வீட்டு மிஸஸ் ஸ்டாஃபர் ஓடி வந்து அம்மாவின் கண்களை மூடினாள். அவள் கணவர், வழக்கப்படி ஒரு சீட்டில் "கீஃபர் வீடு, காலை 9.10" என்று எழுதிக் கொண்டுபோய் கோயில் வாசல் ஆணியில் குத்திவிட்டு வேலைக்குப் போனார். அல்மாவுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

சீட்டில் வீட்டின் பெயரும் நேரமும் மட்டும்தான் இருக்கும். யார் என்று எழுதுகிற வழக்கமில்லை. மம்ரேயில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அதனாலேயே யாரும் எதையும் கேட்பதில்லை. லாட்டிக்கு மற்றவர்களைவிட அதிகம் தெரியும். முந்தின இரவு எனக்காக எங்கள் வீட்டிலிருந்து டாக்டருக்குப் போன அழைப்பை இணைத்துக் கொடுத்தவளே அவள்தான். சீட்டைப் பார்த்தாள், என் இடத்துக்கு ஒருவரையும் சேர்த்து மூன்று பேரைத் திரட்டினாள், மேலே ஏறினாள்.

நான் காய்ச்சலோடு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் மெட்டு கேட்டது. பரவாயில்லை, சீக்கிரம் ஏறிவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது மெட்டு தொடங்கியது. மணமான சகோதரர்களுடையது. அடப்பாவமே, இன்றைக்கே இன்னொருவரும் போய்விட்டாரா, யாராயிருக்கும் என்று எங்கள் தெருவில் மனைவி உள்ளவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். ஹெரால்டுக்கு இதயம் சரியில்லை, அவராயிருக்கலாம். மூன்றாவது மெட்டு முடியும்வரை ஹெரால்டுக்காக ஜெபம் செய்தேன்.

சிறிது நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்த் திறந்தேன். லாட்டி நின்றாள். அல்மா வரும்போது கூட இருக்க வேண்டும் என்று கோபுரத்திலிருந்து நேரே வந்திருக்கிறாள். கையில் ட்ராம்போன் பெட்டி.

"லாட்டி, யாரு செத்தது?" என்றேன்.

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கும் புரிந்தது.

"அம்மாதான். நான் இல்லை" என்றேன். வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

"ஐயோ எல்வுட். அல்மா ஆலையில இருக்கா."

அதற்குள் அல்மா தெருமுனையில் வந்துவிட்டாள். கோட்டு இல்லை, ஆலை ஏப்ரனோடு வந்தாள். வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, சந்தையில் முட்டைக்கோஸைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். அம்மாவைப் பார்த்தாள். திரும்பி வந்து லாட்டியிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "போ."

அன்று மதியம் துக்கம் விசாரிக்கக் கேக் கொண்டுவந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்து வாசலில் நின்றுவிட்டார்கள். ஹெரால்டே வந்தார். "நீ இல்லையா? சரி, அம்மாவுக்குன்னாலும் கேக் கேக்தான்" என்று உள்ளே வந்து உட்கார்ந்தார். ஊர் ஒரு வாரம் சிரித்தது. எங்கள் வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. லாட்டி வீட்டிலும்.

அவள் அன்றே ட்ராம்போனை க்ளூவல் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "வேற ஆளைப் பாருங்க, இது எனக்கு வேண்டாம்" என்றாளாம். "ஒரு தடவை தப்பு நடந்ததுக்கா?" என்று அவர் கேட்பதற்குள் படியிறங்கிவிட்டாளாம். வெள்ளிக்கிழமை அம்மாவின் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் குழு ஊத வேண்டும். மூன்று பேர் ஒத்திகை பார்த்தார்கள். மூன்று கால் மேசைபோல இருந்தது. வியாழக்கிழமை காலை க்ளூவல் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"வேற சபைதான், லூத்தரன் கோயில்ல டியூபா ஊதற ஒருத்தர் இருக்கார். கேட்டுப் பாக்கவா?"

"லூத்தரன் ஊதினா என் மாமியார் எழுந்து வந்துடுவாங்க" என்றாள் அல்மா. "அவளுக்கு என்ன வந்துச்சு?"

"இனிமே வாழ்நாள்ல தொடமாட்டேங்கறா. நான் பதினோரு வருஷமா அவளை 'குறைச்சு ஊது, குறைச்சு ஊது'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்போ நின்னே போயிட்டா. எனக்கு அது பிடிக்கலை, அல்மா." அவர் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

அவர் போனதும் அல்மா எனக்குக் கோட்டு மாட்டி, இரண்டு போர்வையைச் சுற்றிக் காரில் ஏற்றினாள். "டாக்டர் வெளியே போகக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றேன். "நீ உசிரோட இருக்கறது அவ கண்ணுக்குத் தெரியணும். பேசாம வா" என்றாள்.

லாட்டி சமையலறையில் தலையணை உறைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தனியாக இருப்பவளுக்கு அத்தனை உறைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. போட்டதையே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள் போல. என்னை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"காபி?" என்றாள் லாட்டி.

"வேண்டாம். நாளைக்கு ரெண்டு மணிக்கு அடக்கம்" என்றாள் அல்மா.

"வரேன். பின்னால உக்காந்துக்கறேன்."

"வெறுங்கையோட வராத."

லாட்டி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "முடியாது அல்மா. நீ தப்பா நடந்ததை மட்டும் பாக்கற. நடந்தது உனக்குத் தெரியாது. எல்வுட் போயிட்டான்னு நினைச்சுக்கிட்டுத்தான் மேலே போனேன். என் பக்கத்துல பதினோரு வருஷம் நின்னவன். படியெல்லாம் அழுதேன். ஆனா ஊத ஆரம்பிச்சதும்..." ஒரு உறையை எடுத்து மடித்தாள். "அந்த மெட்டுல கீழ்க்குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரெண்டாவது அடியில இறங்கி இறங்கிப் போகும். சந்தோஷமா இருந்துச்சு. உன் புருஷன் செத்துட்டான்னு நினைச்சுக்கிட்டே சந்தோஷமா ஊதினேன். க்ளூவல் சொன்னது சரிதான். என்கிட்ட ஏதோ கோளாறு இருக்கு. இதைக் கொண்டுபோய் நான் கடவுளுக்கு முன்னால எப்படி வைக்கறது?"

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அல்மா என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டேன்.

"என் பக்கம் என்ன நடந்துச்சுன்னு உனக்கும் தெரியாது" என்றாள் அல்மா. "ட்ராம்போன் கேட்டதும் ஃபோர்மேன் தறியெல்லாம் நிறுத்தினான். எப்பவும் நிறுத்துவான். ரெண்டாவது மெட்டு வந்துச்சு. நாப்பது பொம்பளைங்க, நாப்பது பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. ஒருத்தி என் கையிலேருந்து கத்திரிக்கோலை வாங்கி வச்சுக்கிட்டா. நான் வெளியே வந்தேன். பாலத்துக்கிட்ட வந்ததும் கால் வரலை. அப்போ மூணாவது மெட்டு. மேல் குரல் ஒண்ணும் என் காதுல விழலை. நீ ஊதினது மட்டும்தான் விழுந்துச்சு. முன்னால யாரோ பலகை போட்டுக்கிட்டே போற மாதிரி. ஒவ்வொண்ணா அது மேல கால் வச்சுத்தான் பாலத்தைத் தாண்டினேன். நீ அழுதுக்கிட்டு ஊதியிருந்தா நான் அங்கேயே உக்காந்திருப்பேன்."

லாட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள்.  பிறகு, "அப்போ உனக்கு என்மேல கோவம் இல்லையா?" என்றாள்.

"ஏன் இல்ல? நிறைய இருக்கு. ஈஸ்டர் வரைக்கும் இருக்கும்னு நினைக்கறேன். சந்தோஷமா ஊதினதுக்கு இல்ல. கேக்காம ஊதினதுக்கு. கோயில்லேருந்து எங்க வீடு எட்டு நிமிஷ நடை. வந்து கதவைத் தட்டி, 'யாரு'ன்னு ஒரு வார்த்தை கேக்க முடியலையா உனக்கு?"

"கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும். ஆனா கோவம் வேற, வெள்ளிக்கிழமை வேற. என் மாமியாருக்கு நாலு குரலும் வேணும். கிளம்பு எல்வுட்."

வெள்ளிக்கிழமை நான் கல்லறைத் தோட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது லாட்டி வந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவர் க்ளூவல். அவள் யாரையும் பார்க்கவில்லை. முதல் மெட்டை ஜாக்கிரதையாக, பாத்திரம் கழுவுவதுபோல ஊதினாள். எல்லா ஸ்வரமும் சரியாக இருந்தது, கேட்க முடியவில்லை. அல்மா திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். க்ளூவல் லாட்டியின் பக்கம் குனிந்தார். அவர் சொன்னதைப் பக்கத்தில் இருந்த எல்லோரும் கேட்டோம்: "பெருசா ஊது, பிள்ளை." இரண்டாவது மெட்டில் அவள் முகம் சிவந்தது.

அல்மாவின் கோபம் ஈஸ்டரைத் தாண்டி மே மாதம்வரை இருந்தது. சொன்ன கணக்கில் கொஞ்சம் தவறினாள்.

அதற்குப் பிறகு லாட்டி ஒருமுறைகூட வீட்டைப் பார்க்காமல் கோபுரம் ஏறியதில்லை. சீட்டு வந்ததும் நடந்து போவாள். கதவைத் தட்டி மூன்று கேள்வி கேட்பாள்: யாரு, எப்போ, எந்தப் பிரிவு. பதில் தெரிந்தாலும் கேட்பாள். உள்ளே போய் இறந்தவரின் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்காருவாள். காபி வைக்க யாரும் இல்லாத வீடு என்றால் வைப்பாள். பிறகுதான் படியேறுவாள். அறிவிப்பு அரைமணி தாமதமானது. ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. ஒருமுறை சீட்டை அவசரப்பட்டு அனுப்பிவிட்டார்கள். இவள் போய் நின்றதும் படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து, "இன்னும் இல்ல லாட்டி. வியாழக்கிழமை வா" என்றார். அவர் அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவரைப் போய்ப் பார்த்து, "இன்னைக்கா?" என்று கேட்டுவிட்டு வருவாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

மொத்தம் எத்தனை முறை ஊதினாள் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவளும் எண்ணியிருக்க மாட்டாள்.

1979 செப்டம்பரில் ஒரு காலை அல்மா எங்கள் படுக்கையிலேயே இறந்தாள். இரண்டு வருடமாக எதிர்பார்த்ததுதான். கோயிலுக்கு டெலிபோன் செய்தேன். எண்ணைச் சுழற்றி, "கீஃபர் வீடு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். எட்டு நிமிடத்தில் கதவு தட்டும் சத்தம். லாட்டிக்கு அறுபது வயது, மூச்சு வாங்கியது. அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. முந்தின நாள்தான் அல்மாவுக்குத் தலைவாரி விட்டுப் போயிருந்தாள்.

"யாரு எல்வுட்?" என்றாள்.

அதுவரை நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் காத்திருந்தாள். உதவிக்கு ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை.

"அல்மா" என்றேன்.

"எப்போ?"

"ஆறே முக்காலுக்கு."

"எந்தப் பிரிவு?"

"மணமான சகோதரி" என்றேன்.  அவள் அந்த நீளக் கைகளால் என்னைப் பிடித்துக் கதவோரம் நிறுத்தினாள். உள்ளே போய் அல்மாவிடம் உட்கார்ந்தாள். என்ன பேசினாள் என்று தெரியாது. பேசும் சத்தம் கேட்டது. வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்படி ஊதணும்னு சொல்லு" என்றாள்.

"ஊதறது நீதான்னு அவளுக்குத் தெரியற மாதிரி."

எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தேன். லாட்டி கோபுரத்தில் நின்று மூன்று மெட்டையும் முழு மூச்சோடு ஊதினாள். துளியும் குறைக்கவில்லை.